பதினேழாம் திகதிக்குள்

படிவத்தில் இரண்டு பெட்டிகள்.
கொழும்புத் தலைமைக் காரியாலயம், பாதைத் திட்டமிடல்.
ஹட்டன் கிளை, முகாமையாளர்.
பதினேழாம் திகதிக்குள் ஒன்றில் சரி போடவேண்டும்.
பேனாவை மூடி ஸ்கேனருக்குப் பக்கத்தில் வைத்தேன்,
லொறி வந்துவிட்டது.

கினிகத்தேனையில் மண் இறங்கி
இரண்டு மணித்தியாலம் பிந்திய லொறி.
நூற்றிப் பதினாறு பொதி.
ரைஸ் குக்கர், சப்பாத்து, போன் உறை.
ஈரத்தில் மூலை பிய்ந்த பெட்டியொன்றிலிருந்து
சம்கி வைத்த சின்னக் கவுன்
ஒரு கண்ணால் எட்டிப் பார்க்கிறது.

"விலாசம் பூரணமில்லை" என்கிறது திரை, சிவப்பில்.
ரேணுகா, மேற்பிரிவு, ஸ்ட்ராத்வெல் தோட்டம்.
இதற்கு மேல் அவள் என்னத்தை எழுதுவாள்?
லயத்துக்குத் தெருவில்லை, காம்பராவுக்கு இலக்கமில்லை.
மேற்பிரிவில் ரேணுகா மூன்று பேர்.
ஒருத்தி ஸ்டோரில்,
ஒருத்தி குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம்,
மிச்சம் இருப்பவள்
பீலிக்கு மேலே தொங்கல் காம்பரா,
நாய் அவிழ்த்துவிட்டிருக்கும், கவனம்.
திரையில் இதற்குக் கட்டமில்லை.
பெட்டியின் முதுகில் மார்க்கரால் எழுதி
டெரன்ஸின் பையில் போட்டேன்.

கொழுந்து நிறை குறைந்த நாளில்
அம்மாவுக்கு அரைப்பேர் விழும்.
இது அரை விலாசம்.
மீதி அரையை ஐந்து வருஷமாக நான் போடுகிறேன்.
சம்பளச் சீட்டில் அதற்கு வரியில்லை.

போன செவ்வாய் கொழும்பில் நேர்முகம்.
பதினோராம் மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல்,
யாரோ மேசை துடைத்துவிட்டுப் போன மாதிரி.
ஹிரந்த நல்ல மனிதர், கதிரையை இழுத்துப் போட்டார்,
பிறகு மலைநாட்டைத் திரையில் விரித்தார்.
மேற்பிரிவெல்லாம் சிவப்புப் புள்ளி,
அம்மை போட்ட முதுகு.
"இவற்றை விட்டுவிட்டால் மாதம் என்ன மிஞ்சும்?"

எனக்குத் தெரியும்.
பெட்ரோல், டயர், திரும்பி வரும் பொதி,
கூட்டிக் கழித்துச் சதம் வரை சொன்னேன்.
கல்குலேட்டர் கேட்கவில்லை.
அவர் சிரித்தார்.
பக்கத்திலிருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார்.
இரண்டு மடங்குச் சம்பளம் அந்தப் பதிலுக்குத்தான்.
இறங்கும்போது லிஃப்டுக் கண்ணாடியில்
என் சப்பாத்தில் மாத்திரம் சேறு.

டெரன்ஸிடம் சொன்னேன்,
அந்தக் கணக்கை விட்டு மற்றதெல்லாம்.
"போங்க மிஸ், மேல நம்மாள் ஒருத்தர் இருந்தா நல்லம்தானே."
ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிக்கொண்டு,
"போனவங்க யாரும் பொறகு போன் எடுக்கிறதில்ல" என்றான்.
கோபமில்லை. மழை வரும் என்று சொல்வதுபோல.

அங்கே போனால்
லயம் என்று ஒரு கட்டம் சேர்க்கலாம்.
சேர்க்க விடுவார்களா,
இல்லை, சிவப்பை அழிக்கத் தேடிய கை
என்னுடையதுதானா?
இங்கே இருந்தால்
அழித்த பிறகு வரும் மின்னஞ்சலை
முதலில் வாசிப்பவள் நான்.

நாலேகாலுக்கு டெரன்ஸின் அழைப்பு,
காற்றில் பாதி பிய்ந்து.
"மிஸ், பீலி அங்க இல்ல.
மண்ணு சரிஞ்சதுக்குப் பொறகு
கோயிலுக்குக் கீழ மாத்திட்டாங்களாம்.
முக்கால் மணி அலைஞ்சேன்."
பொதி?
"குடுத்தாச்சு. நாளைக்குத்தான் பொறந்தநாளாம்."
அப்புறம் மழை மட்டும் கேட்டது.

ஐந்து வருஷம் தலையில் வைத்திருந்த மலையும்
பழைய படம்தான்.
கைக்கு அகப்பட்ட தாளைத் திருப்பி எழுதினேன்:
மேற்பிரிவு. பீலி இப்போது கோயிலுக்குக் கீழே.
தொங்கல் காம்பராவுக்கு வலப்பக்கப் படி.

எழுதி முடித்துத்தான் பார்த்தேன், அது படிவம்.
மறுபக்கம் இரண்டு பெட்டியும் அப்படியே.
இன்று பதினான்கு.
இன்னொரு பிரதி அச்செடுக்கவேண்டும்.
இது டெரன்ஸின் பையில் இருக்கட்டும்.