வண்டி வந்த நேரம்

ஐந்து ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனேன்,
முழங்காலில், இரவு பத்தே முக்காலுக்கு.
கேட் ஓரம் கணீர்.
நடுவில் கணீர் மாதிரி ஒன்று.
படிக்கட்டுக்கு இரண்டு முழம் முன்னால் டொக்.
அதற்கு அடியில் மண் இறங்கிவிட்டது.
தரை மட்டும் மரியாதைக்கு நின்றுகொண்டிருந்தது.

கூத்தப்பாக்கத்தில் பால் காய்ச்சி நாற்பத்தொரு நாள்.
கார் ஷெட் என்றுதான் பிளானில் போட்டிருக்கிறது.
கார் இல்லை.
ஒரு ஸ்கூட்டி, மிச்சமான டைல்ஸ் பதினொன்று.

தில்லைக்கரசி காலையில் கூட்டினால் சாம்பல் நிறத்தில் தூசு.
மதியம் கூட்டினால் அதே தூசு.
வெளியிலிருந்து வருவதில்லை,
தரையே எழுந்து வருகிறது.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைத்தாள்.
கேட்டால், "சாட்சிக்கு" என்றாள்.
முக்கால் பாட்டில் ஆகிவிட்டது.
இருபது வருடத் தவணையில் அது எத்தனை மாதம் என்று
கணக்குப் போடப் பார்த்து
விட்டுவிட்டேன்.

தூணடியில் தொடங்கிய விரிசலைப் படம் எடுத்து
வேதரத்தினத்துக்கு அனுப்பினேன்.
"தலைமுடி கிராக்கு சார், எல்லா வீட்லயும் இருக்கும்."
முடி என்றால் வளரும்தானே.
நுனியில் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போட்டேன்.
நான்கு நாள் கழித்து இன்னொரு கோடு.
கடலூர் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருடம் டைம் கீப்பர் நான்.
விருத்தாசலம் வண்டி லேட், பண்ருட்டி வண்டி லேட்,
இது ஒன்றுதான் நேரத்துக்கு முன்னால் வந்தது.

ஐப்பசி முதல் மழைக்கு
தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர்
வாசற்படியில் வந்து நின்றது,
விலாசம் கேட்பவனைப் போல.

காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார் வேதரத்தினம்.
அவரோடு மல்லுக்கு நிற்கத்தான் நோட்டை எடுத்தேன்.
கட்டட வேலை முழுக்க அதில் இருக்கிறது:
மணல் லோடு, கம்பி, ஆள் எத்தனை, டீ எத்தனை.
ஆடி மாதம், வியாழக்கிழமை.
கலவை லாரி பாண்டிப் பக்கமிருந்து கிளம்பியது 9.20.
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏதோ டேங்கர் குறுக்கே நின்று
லாரி நம் தெருவில் திரும்பியது 12.05.
காற்று, அதோடு வெயில்.
பீப்பாய் சுற்றுகிறது, உள்ளே கலவை இறுகிவிட்டது.
வேதரத்தினம் போனில் வேறு யாரோடோ.
சித்தாள்கள் மண்வெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஒன்றரைக்கு ராகுகாலம்.
டிரைவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் கேட்டான்:
"கொஞ்சம் தண்ணி விட்டுக்கட்டுமா சார்?"
பத்து நிமிடத் தாமதத்துக்கு மெமோ எழுதிய கை
ஆகட்டும் என்று ஆடியது.
நோட்டில் அதுவும் இருக்கிறது, என் கையெழுத்தில்.
12.20. தண்ணீர். நான் சொன்னேன்.

பாவாடைராயனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.
பாவாடைராயன் கடப்பாரையால் இரண்டு இடம் தட்டினான்,
பெயர்ந்த சில்லை விரலால் நசுக்கினான்.
"தண்ணி ஜாஸ்தி." யாரையும் பார்க்கவில்லை.
வேதரத்தினம் என்னைப் பார்த்தார்.
நான் ஸ்கூட்டியைப் பார்த்தேன்.

மண் இறங்கியது அவர் தப்பு. வாட்டம் அவர் தப்பு.
தூசு என்னுடையது.
நோட்டை நீட்டினேன்.
படித்துவிட்டு, "பாதிக்குப் பாதி" என்றார்.
தில்லைக்கரசி எதுவும் கேட்கவில்லை.
பாட்டிலை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று நாள் உடைத்தார்கள்.
அடியில் ஈர மண்ணும் ஒற்றைக் கையுறையும்.

இப்போது புதுத் தரை.
சுற்றிலும் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறது.
ஸ்கூட்டி தெருவில்.
நாய் ஒன்று வந்து குடித்துவிட்டுப் போகிறது.
விடியுமுன் எழுந்து குறைந்ததை நிரப்புகிறேன்.
ஒன்பதாம் நாள், 5.10.
மழை பெய்த நாளில் 'மழை' என்று மட்டும்.

"கார் எப்ப சார் வருது?"
எதிர்வீட்டு ஷெரீப் பல் துலக்கியபடி கேட்டார்.
இன்னும் டைம் கொடுக்கலை என்றேன்.