ஒன்பதாம் மாடியில் பனி

மின்தூக்கி ஆறிலும் பதினொன்றிலும்தான் நிற்கும்.
போ கெங்கின் வீடு ஒன்பதில்.
பதினொன்றுக்கு ஏறி இரண்டு மாடி இறங்குவோம்,
கையில் கோப்பி ஓ கட்டிய பிளாஸ்டிக் பைகள்,
கெர்லிண்டேவிடம் மட்டும்
துணியில் சுற்றிய கேக், ஒரு நோட்டு.

தோ பாயோ, சனிக்கிழமை, மூன்று மணி.
நவம்பரில் ரயில் ஓடப்போகிறதென்று ஊரெல்லாம் பேச்சு.
எங்கள் வட்டத்தில் புருஷன்மாருக்கு
மின்தூக்கி வாசல் வரைக்கும் அனுமதி.
கதை பிடித்திருக்கிறது என்று சொன்னால்
இருபது காசு அபராதம், மில்க் டின்னில்.
அந்த டின் நிறைந்ததே இல்லை.

கெர்லிண்டே முதலில் ஜெர்மனில் படிப்பாள்.
ஒருத்திக்கும் புரியாது. புரிய வேண்டாம், என்பாள்,
மிதியடியில் கால் துடைக்கிற சத்தம் அது,
உள்ளே வருவதற்கு முன்னால்.
பிறகு உடைந்த ஆங்கிலம்.
ஸாலியா மலாயில் முணுமுணுத்துப் பார்ப்பாள்.
இரவெல்லாம் அந்நியக் குரல்களை
ஒன்றோடொன்று இணைத்துவிடும்
தொலைபேசி நிலையத்துக்காரி நான்,
தமிழில் எழுதிக்கொள்வேன்.

அந்த வாரம்,
பனியை எண்ணும்படி சபிக்கப்பட்ட ஒருத்தியின் கதை.
எண்ணிக்கை தவறும்போதெல்லாம்
வீட்டில் ஒரு கதவு காணாமல் போகும்.

பேனாவைக் கீழே வைத்தேன்.
புல் நுனியில் இருந்தாலும் எங்களுக்குப் பனி,
மார்கழி விடியலில் தெருவை மறைத்தாலும் பனி.
கெர்லிண்டேவின் பனியோ விழுகிறது,
ஒவ்வொன்றாக, எண்ணத் தக்கதாக.
இந்தத் தீவில் அப்படி என்ன விழுகிறது,
மழையைத் தவிர?

ஐஸ் கச்சாங், என்றாள் ஸாலியா. சிரித்தோம்.
இலவம்பஞ்சு, என்றேன்.
அது விழாது, திரியும்.

போ கெங் ஜன்னலுக்குப் போனாள்.
ஏழாம் மாதம். கீழே தகர டிரம்மில்
பேய்களுக்குப் பணம் எரிந்துகொண்டிருந்தது.
ஒன்பது மாடி ஏறி வந்த சாம்பல்
மூங்கில் கழியில் காயும் அவள் மகனின்
பள்ளிச் சட்டையில் உட்கார்ந்தது.
"இதோ. எண்ணு."

கெர்லிண்டே நோட்டை மூடினாள்.
"என் பனி சுத்தமானது."

சுத்தம் என்ற சொல்லில் பற்றிக்கொண்டது.
கடற்கரைக்குப் போன லாரியிலிருந்து
போ கெங்கின் அப்பா இறங்கி வரவேயில்லை.
அவருக்குத்தான் அந்தப் பணம்.
யாருடைய செத்தவர்கள் அழுக்கு என்று
மூன்று மொழிகளில் சண்டை போட்டோம்.
கேக்கை யாரும் வெட்டவில்லை.

அடுத்த இரண்டு சனியும் கெர்லிண்டே வரவில்லை.

இரவு வேலையில், இரண்டே கால் மணிக்கு,
ஹம்பர்க் எண் கேட்டது எனக்குத் தெரிந்த குரல்.
நான் யாரென்று சொல்லவில்லை.
இணைத்தேன். விலகியிருக்க வேண்டும்;
விலகவில்லை.
ஒரு கிழவியின் இருமல். கெர்லிண்டேவின் கேள்வி.
எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதில் இருந்தது:
ஷ்னே.
மறுபடி, ஷ்னே?
அந்தப் பக்கம் பேச்சில்லை.
மூன்று நிமிடக் கட்டணம்
முழுசாக மௌனத்துக்குப் போயிற்று.

மூன்றாம் சனி வந்தாள், வெறுங்கையோடு.
ஜெர்மனில் படிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"எனக்கு ஆறு வயது. ஜூலை மாதம்.
நிலவறையிலிருந்து மேலே வந்தோம்.
தெரு இல்லை. வானத்திலிருந்து
வெள்ளையாய் இறங்கிக்கொண்டிருந்தது.
பார், பனி, என்றாள் அம்மா.
கோடையில் பனியா என்று நான் கேட்கவில்லை.
நாக்கை நீட்டினேன்."

குழாயடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
ஸாலியா, எதுவும் சொல்லாமலே,
இருபது காசை டின்னில் போட்டாள்.

பனி வரவேண்டிய இடத்தை
என் நோட்டில் வெற்றாக விட்டிருந்தேன். காட்டினேன்.
எழுது, என்றாள், சாம்பல் என்றே எழுது.
கதவுகள் முடிவில் திரும்பி வருமா, என்றேன்.
"வராது. அதை மட்டும் கேட்காதே."

கீழே டிரம்மில் யாரோ
இன்னொரு கட்டைப் பிரித்துப் போட்டார்கள்.
போ கெங் கழியை உள்ளே இழுத்து
சட்டைகளை எடுத்தாள்,
உதறாமல்
மடித்தாள்.