வலது ஷூ

போட்டதுபோல் இருக்கக் கூடாது.
விழுந்ததுபோலும் இருக்கக் கூடாது.
விழுந்தது எனக்கே தெரியாததுபோல் இருக்க வேண்டும்.
பெட்டியின் இடப்பக்க வாரில்
தளர்வாகச் செருகியிருக்கும் பிரஷ்.
தோளை ஒரு விரற்கடை சாய்த்தால் போதும்,
கல் பாவிய சரிவில் கட்டை மோதும் ஓசை.
திரும்பக் கூடாது.
எட்டடி நடக்க வேண்டும். ஒன்பதாவதில்
யாரோ ஒரு நல்லவன் கூப்பிடுவான்.

நல்லவன்தான் வேண்டும் எனக்கு.
மற்றவன் குனிய மாட்டான்.

கலாத்தா கோபுரத்திலிருந்து கராக்கோய் இறங்கும் வழி
என்னுடையது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ருஸ்தெமுக்கு.
அவன் அவசரக்காரன்.
ஒரே காலையில் ஒரே ஜெர்மானியரின் முன்னால்
இரண்டு தரம் நழுவவிட்டான்.
இரண்டு தரமும் எடுத்துக் கொடுத்தாராம் மனிதர்.

நெஞ்சில் கை வைப்பேன்.
இது போயிருந்தால் என் பிழைப்பே போயிருக்கும், அண்ணா,
காசு வேண்டாம், நன்றிக்கு ஒரு பாலிஷ்.
வேண்டாம் வேண்டாம் என்பார்கள்.
கால் மட்டும் பெட்டிமேல் ஏறியிருக்கும்.

இடது ஷூ முடியும்வரை
எந்த ஊர், எத்தனை நாள், மழை எப்படி.
வலது ஷூவில் அங்காரா ஆஸ்பத்திரி.
என் மகன் ஒஸான். மூச்சுக்குழலில் கோளாறு.
ஐந்து வயது.
பதினோரு வருடமாக ஐந்து வயது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.
ஒஸான் என்ற பெயர்
எள்ளு ரொட்டி வண்டியின் பலகையில் இருந்தது,
முதல் நாள், வாய்க்கு வேறெதுவும் வராதபோது.

அப்புறம் விலை.
ஒரு குடும்பம் ராத்திரி மீன் சாப்பிடும் விலை.
முகம் சுருங்கும். பர்ஸ் திறக்கும்.
சண்டை போடுகிறவர்கள் குறைவு:
பளபளக்கும் ஷூவோடு
நோயாளிப் பிள்ளையிடம் யார் பேரம் பேசுவது?

போன மார்ச். மழையில் பனித்தூள் கலந்திருந்தது.
பிரஷ் விழுந்தது.
ஒன்பது. குரல் இல்லை.
பத்து. பதினொன்று.
திரும்பிவிட்டேன்.

ஆறடிக்கு மேல் உயரம், பிரஷைத் துடைத்துக்கொண்டே
நின்ற இடத்திலிருந்து கேட்டார்:
ஒஸான் எப்படி இருக்கிறான்?

முகங்கள் எனக்கு நிற்பதில்லை.
ஷூவைப் பார்த்தேன். பழுப்பு.
இடது முனையில் ஒரு வெட்டு,
அதை மறைக்க மூன்று முறை மெழுகு ஏற்றியது
என் விரலுக்கு ஞாபகம் இருந்தது.

பெயர் ஊர்மாஸ். எஸ்தோனியாவில் பஸ் ஓட்டுகிறார்.
பையிலிருந்து ஒரு பொட்டலம்.
அக்கா பின்னிய ஸ்வெட்டர், கருநீலத்தில் வெள்ளைக் கட்டங்கள்.
இப்போது ஆறு ஆகியிருக்குமே,
ஆறுக்கு அளவு வைக்கச் சொன்னேன், என்றார்.

தெரிந்து கேட்கிறாரா, தெரியாமலா?
இதைக் கண்டுபிடிக்கிற கண் இருந்தால்தான்
இந்தத் தெருவில் நிற்க முடியும்.
அந்தக் கண் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

ஆறு, என்றேன்.
நன்றாகிவிட்டது, என்றேன்.
ஓடுகிறான்.
ஓடுகிறான் என்று ஏன் சொன்னேனோ.
யாரும் கேட்கவில்லை அதை.

அவராகவே காலைத் தூக்கி வைத்தார்.
இடது முடிந்தது. வலது ஷூவில்
சொல்ல எதுவும் இல்லை. தேய்த்தேன்.
முடிந்ததும் பழைய விலையே வாயில் வந்தது,
பழக்கம். கொடுத்தார்.
மீதியை இரண்டு தரம் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு
சரிவில் இறங்கிப் போனார்.

விற்றுவிடு, கம்பளி நல்ல கம்பளி, என்கிறான் ருஸ்தெம்.
மெழுகு டப்பாக்களுக்கு அடியில் மடித்துக் கிடக்கிறது.
ஒரு கையில் கறுப்புப் பாலிஷ் ஒட்டிவிட்டது.
இனி யார் வாங்குவார்?

தொழில் நடக்கிறது. பிரஷ் விழுகிறது, குனிகிறார்கள்.
ஆனால் ஐந்து என்று தொடங்கினால்
நாக்கு ஆறு என்கிறது,
ஆறு வந்தால் அவன் ஓடத் தொடங்கிவிடுகிறான்,
ஓடுகிற பிள்ளைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அதனால் இப்போது என் மனைவிக்குச் சிறுநீரகம்.
அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.
யாராவது கேட்டால்
இருமிவிடுகிறேன்.