தங்கப்பழத்தின் பொறுப்பில்

எண்பத்து மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
மீட்டர் அதோடு நின்றுவிட்டது,
பணகுடியில், என் பட்டறையில்,
ஆடி பிறந்த நாலாம் நாள்.

வண்டிக்குக் கோளாறு ஒன்றுமில்லை.
செயின் மாற்றியாயிற்று, முன்சக்கர பேரிங்கும்.
இனி ஓட வேண்டியது ஒரு காகிதம்தான்.

இலோனா காட்டினாள் அந்த மஞ்சள் புத்தகத்தை,
வண்டிக்கென்றே தனி பாஸ்போர்ட்.
ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு.
நாட்டுக்குள் வரும்போது ஒன்றைக் கிழிப்பார்கள்,
வெளியேறும்போது இன்னொன்றை.
அடிக்கட்டை அவளுக்கு.
ஆறு மாதக் கெடு ஆடி முப்பதோடு தீருகிறது,
நேபாளப் பாதையோ மண்சரிந்து மூடிக் கிடக்கிறது.
நீட்டித்துத் தர வேண்டியவர்கள் தூத்துக்குடியில்.

பஸ்ஸில் போனோம், நெல்லையில் இறங்கி மாறி.
பதினெட்டு எல்லைகளை இரண்டு சக்கரத்தில் தாண்டியவள்
வல்லநாட்டில் ஜன்னல் வழியே வாந்தி எடுத்தாள்.

சூப்பிரண்டு நல்ல மனுஷன்தான்.
"முடிவு தெரியுற வரைக்கும் வண்டி நகரக் கூடாது.
எங்கன நிக்கி?"
"நம்ம பட்டறையிலதான் சார்."
"அந்த எடத்துக்கு ஒரு ஆதாரம் கொண்டாங்க."

ஆதாரம்.
பட்டறை இருப்பது ஓடைப் புறம்போக்கில்.
பட்டாவுக்கு மனுக் கொடுத்துப் பதினோரு வருஷம்.
எந்த பீரோவில் அது கிடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள்
ரிட்டயர் ஆகி, மகளோடு மும்பையில்.
இல்லாத பட்டறையில்
எப்படி நிற்கும் ஒரு வண்டி?

என்னிடம் இருந்த இங்கிலீஷில் சொன்னேன்:
"நோ பேப்பர், நோ ஷாப்."
அவள் ஸ்பானர் பலகையைப் பார்த்தாள்,
பஞ்சர் தொட்டியைப் பார்த்தாள்,
தொட்டித் தண்ணீரில் தெரிந்த என்னைப் பார்த்தாள்.
பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு
யாரோ விட்டுப்போன எக்ஸெல்லின்
கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தாள்.

தினமும் காலையில் பத்து நிமிஷம்
பேட்டரி சாகாமல் இருக்க ஸ்டார்ட் செய்வாள்.
சத்தம் கேட்டுத் தெரு எட்டிப் பார்க்கும்:
"கெளம்பியாச்சா?"
அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவாள்.
நாலு பக்கமும் காற்றாலைகள்,
நின்ற இடத்திலேயே ராப்பகலாய்ச் சுற்றுகின்றன.
அவற்றுக்கு மட்டும் யூனிட் யூனிட்டாய்
யாரோ கணக்கு எழுதுகிறார்கள்.

பொன்கனிதான் தேடி எடுத்தாள்,
சாமிபடத்துக்குப் பின்னால் செருகிய கரண்டு கார்டை.
இந்த இடம் பூமியில் இருப்பதற்கு
அரசாங்கம் ஒத்துக்கொண்ட ஒரே சாட்சி.
பெயர்: சு. தங்கபழம்.
ஒற்றை விட்டுவிட்டார்கள்.
எனக்கு முன்னால் இங்கே சோடா கம்பெனி வைத்திருந்தவர்.
செத்துப் பதினாலு வருஷம்.
இரண்டு மாதத்துக்கு ஒருதரம்
அவருக்கு எரியும் விளக்குக்கு நான் பணம் கட்டுகிறேன்.

சூப்பிரண்டு கார்டைத் திருப்பிப் பார்த்தார்.
"தங்கப்பழம் வரலியா?"
"அவருக்கு நடமாட்டம் இல்ல சார்."
பொய்யில்லை.
என்ன சொன்னாய் என்று இலோனா கேட்டாள்,
பஸ் வந்துவிட்டது என்றேன்.

ஆடி இருபத்தேழு. விழுந்தது சீல்:
'மேற்படி வாகனம் தங்கபழம் என்பாரின் பொறுப்பில்.'
மூன்று மாதம்.

மறுநாள் விடியக் கிளம்பிவிட்டாள்.
பெரிதாகக் கை அசைத்து,
ஹாரனை இழுத்து அடித்து,
ரயில்வே கேட் பூட்டிக் கிடக்க
இருநூறு அடி தள்ளி நின்றுவிட்டாள்.
விடைபெற்ற பிறகு ஏழு நிமிஷம்
அவள் முதுகை நாங்களும்
கேட்டை அவளும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கார்த்திகை மழையில் நனைந்து வந்தது தபால்,
தங்கபழத்துக்கு, மழுங்கிய முத்திரையோடு.
'தங்கள் பொறுப்பிலிருந்த வாகனம்
இந்திய எல்லையை விட்டு வெளியேறிவிட்டதா?
பதினைந்து தினங்களுக்குள்
எழுத்துமூலம் தெரிவிக்கவும்.'

போய்விட்டது. காட்மாண்டுவிலிருந்து போட்டோ வந்தது.
எழுதியும் வைத்துவிட்டேன்.
கையெழுத்துக்குத்தான், பழைய பில் ஒன்றின் பின்பக்கம்
ராத்திரியெல்லாம் பழகிக்கொண்டிருக்கிறேன்,
கார்டில் உள்ளபடி,
ஒற்று இல்லாமல்.