தொண்ணூற்றெட்டு டிகிரி

இரவு ஒன்று நாற்பது. ஈசூன், நான்காம் மாடி.
சாப்பாட்டு மேசையில் என் மடிக்கணினி
கிளம்பாத விமானம்போல் இரைகிறது.
திரையில் ஒரு மாமியார்
வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறாள்.
அவள் விடப்போகும் வசவுக்கு
ஆங்கிலத்தில் முப்பத்தேழு எழுத்துக்குள்
நான் ஒரு வரி போட வேண்டும்.
காலை எட்டுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
அவளோ வாயை மூடுவதாக இல்லை.
நீல வட்டம் மட்டும்
நேர்த்திக்கடன் முடியாதவர்போல் சுற்றி வருகிறது.
அடிப்புறம் தொட்டேன்.
தோசைக்கல்.

முதலில் உலாவியை மூடினேன்.
நாற்பத்தொரு தாவல்கள்:
முதுகுவலிக்கு ஆசனம், மகனின் பள்ளிப் பேருந்துக் கட்டணம்,
வாங்காத சோபாவின் ஒன்பது நிறங்கள்,
கொசு ஏன் என்னை மட்டும் கடிக்கிறது என்று
எப்போதோ கேட்டுவிட்டுப் பதிலைப் படிக்காத கேள்வி.
அப்புறம் பணி மேலாளரைக் கூப்பிட்டேன்.
பெயர்தான் மேலாளர்,
வந்து சேர நாலு நிமிடம்.
உள்ளே இரண்டு வைரஸ் தடுப்பான்கள்
ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டு, ஓரகத்திகள் மாதிரி,
இருந்த நினைவகத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தன.
மூத்தவளை அனுப்பிவைத்தேன்.
தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றாறு ஆயிற்று.

சாங்கியில் இரவுப்பணியிலிருந்து ஜெயசீலன்
குறுஞ்செய்தி அனுப்புகிறான்: ஃப்ரிட்ஜில் வை.
வைக்கலாம்,
உன் மூன்று நாள் மீன்குழம்பு நகர்ந்து கொடுத்தால்.

போன வாரம் சிம் லிம் ஸ்குவேர் போனேன்.
கடைக்காரர் டெஸ்மண்ட்
கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.
ஏழு வருஷமா? புதுசு வாங்கு லா.
ஏழு வெள்ளிக்கு ஒரு பசைக்குழாய் கேட்டேன்.
பசையும் ரசீதும் தந்தார்,
நம்பிக்கை கையிருப்பில் இல்லை.

மணி இரண்டே கால். இனி என்ன.
மின்னைப் பிடுங்கினேன், கவிழ்த்தேன்.
திருகாணிகள் பதினொன்று.
எது எங்கிருந்து வந்தது என்று மறக்காதிருக்க
இட்லித்தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
காலாவதியான நூலக அட்டையால் விளிம்பை நெம்ப
ஏதோ ஒடிந்ததுபோல் சத்தம்.
ஒடிந்தது நகம்.

உள்ளே குட்டி விசிறி
சாம்பல் நிறக் கம்பளி போர்த்திக் கிடந்தது.
பல்குத்தியால் கிளறினேன்.
மகனின் அழிப்பான் துகள்,
மெத்தைமேல் வைத்து வேலைசெய்த குற்றத்துக்கு
மெத்தையின் பஞ்சு,
பழுப்புப் பூனைமுடி.
எங்கள் வீட்டில் பூனை இல்லை.
எதிர்வீட்டு மர்ஜானாவின் பூனை
பகலில் எங்கே தூங்குகிறது என்று இப்போது தெரிகிறது.

கடைசியாக ஒன்று,
கொசுவின் இறகளவு,
கருகிய தாளின் ஓரத்தில் தங்கப்பூச்சு.

ஏழாம் மாதம்.
கீழே இரும்புத்தொட்டியில்
எட்டாம் மாடி கோ அம்மா
கட்டுக்கட்டாய் எரித்த காகிதப்பணம்.
மேலே போகவேண்டியது
நாலாவது மாடியிலேயே இறங்கிவிட்டது.
யாரோ ஒருவருக்கு அனுப்பிய காசு
இத்தனை நாளாய் என் கணினிக்குள்
செலவாகாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.
குப்பைக்குழாயில் போட மனம் வரவில்லை.
டெஸ்மண்டின் ரசீதில் மடித்து வைத்தேன்.

சில்லின் மேலிருந்த பழைய பசை
காய்ந்த சந்தனமாய் வெடித்திருந்தது.
துடைத்துவிட்டு
புதியதில் ஒரு பயறளவு.
கூட வைத்தால் வழியும், குறைந்தால் எரியும்.
உப்பு போடுகிற கைக்கு
இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூடினேன். அமுக்கினேன்.
ஒரு பெருமூச்சு, பிறகு சத்தமே இல்லை.
செத்துவிட்டதோ என்று காதை வைத்துக் கேட்டேன்.
அறுபத்து மூன்று டிகிரி.
வேகமா? அது அப்படியேதான்.
ஏழு வயதுக் கிழம், ஓடச்சொன்னால் நடக்கும்.
ஆனால் நடந்தது.
மாமியாரின் வாய் அசைந்தது.
இரண்டு மணிநேரமாய் நான் பயந்திருந்த அந்த வசவு:
"மழை வரும்போல இருக்கு, துணியை எடும்மா."

முப்பத்தேழு எழுத்து தாராளம்.

ஏழே முக்காலுக்குக் கடைசி வரியை அனுப்பினேன்.
குப்பை கொட்டக் கீழே இறங்கியபோது
ரசீதைப் பிரித்துத் தொட்டிக்குள் தட்டினேன்.
எங்கோ யாருக்கோ
சில்லறை குறைந்திருக்கலாம்.

மேலே வந்து பார்த்தால்
இட்லித்தட்டில் இன்னும் ஒரு திருகாணி.
எந்தக் குழிக்கு எந்தத் துளை என்பது
நினைவில் இல்லை.
கணினி ஓடுகிறது. அதைத் தொடப்போவதில்லை.
இன்று காலைக்கு ரொட்டி.