பதினேழாவது தாள்

மூன்றாம் பருவம், களப்பணி.
தனிஸ்லாஸ் சார் சொன்னது இவ்வளவுதான்:
ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடு,
ஊரை வரையச் சொல்,
திருத்தாதே.

குளச்சலில் நாலு நாள்.
ஆட்டோக்காரர் வரைந்த ஊரில்
சாலையை விடப் பள்ளங்கள் பெரிது.
பதினொன்றாம் வகுப்புப் பையன்
செல்போன் கோபுரத்தை மாதா கோயிலுக்கு மேலே உயர்த்தி
சிக்னல் கிடைக்கும் படிக்கட்டை மட்டும்
சிவப்பில் தீட்டினான்.
வள்ளக்காரர் ததேயு முதலில் தாளையே திருப்பினார்.
முழுக்கக் கடல்.
கரை, ஓரத்தில் ஒரு நூல்.
அதில் ஒரு குருசு, ஒரு பனை, பின்னால் ஒரு மலை.
"இது மூணும் நேரா வந்தா
அடியில பாரு கெடக்கு, கேட்டியா."
கணிச்சம் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
இதற்கு எத்தனை மதிப்பெண் என்று
மனம் தனியே கணக்குப் போட்டது.

பிறகு பிரிஸ்கா.
என்னை விட நாலைந்து வயது கூடுதல் இருக்கும்.
ஏலம் முடிந்து
சாளைக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.
"எனக்க ஊரா, நான் போற ஊரா?"
என் வினாப்பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை.
ரெண்டும் என்றேன்.
"ரெண்டும் ஒரு தாள்ல கொள்ளாது" என்று
ஈரக்கையைப் பாவாடையில் துடைத்து
போகிற ஊரை வரைந்தாள்.

வடக்கு இல்லை அதில்.
ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு.
பஸ் நிற்கும் இடம் வட்டம்.
பாத்திரத்தைக் கண்டால் நிற்காத இடம்
வட்டத்துக்குள் ஒரு குத்து.
நாய் இருக்கும் வீட்டுக்கு வால்.
கடன் வீட்டுக்கு மீன்முள்,
எத்தனை முள்ளோ அத்தனை வாரம்.
வெள்ளிக்கிழமை வாங்காத தெரு,
தவசுகாலத்தில் வாங்காத தெரு,
நோன்பு மாதம் மத்தியானத்துக்குமேல் கூப்பிடும் தெரு.

அளவுகோல்? என்றேன்.
கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.
"இது வரைக்கும் தாங்கும்.
இதுக்கு அங்கோட்டு எறக்கி வச்சுட்டுத்தான்."

பென்சில் நெய்யூருக்கு வந்தது.
வாய்க்கால், ரப்பர் ஷீட் காயும் கொடி,
அதையடுத்து ஒரு வீடு.
முன்பக்கம் அவள் வரையவே இல்லை.
பின்னால் கிணறு.
கிணற்று மதிலில் கவிழ்த்த ஒரு தம்ளர்.

"டீச்சர் வீடு. நல்ல ஆளு.
பேரம் கெடையாது. வெள்ளம் தரும்.
தம்ளர் எப்பவும் அங்கதான் இருக்கும்."

அந்தத் தம்ளரை எனக்குத் தெரியும்.
விளிம்பில் ஒரு நெளிவு.
நாலாம் வகுப்பில் நான் கீழே போட்டது.
நெளிந்ததால்தான் வெளியே போனது என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேனா,
எதையுமே நினைக்காமல் இருந்தேனா.

"நீ எந்த ஊரு பிள்ளே?"
நாகர்கோவில் பக்கம் என்றேன்.

நூலகத்தில்
அரசாங்க நிலவரைபடத்தை விரித்துப் பார்த்தேன்.
கோயிலுக்குக் குறி, பள்ளிவாசலுக்குக் குறி,
தபால் நிலையத்துக்கு, பயணியர் விடுதிக்கு,
ஒற்றைப் பனைக்குக்கூட.
எங்கள் வீடு ஒரு சிவப்புச் சதுரம்,
நாலு பக்கமும் ஒரே தடிமன்.
பின்வாசலுக்குக் குறியில்லை.

முப்பது தாளையும் புரட்டிய சார்
பதினேழாவதில் நின்றார்.
ஒரு செதில் ஒட்டியிருந்தது அதில்.
நகத்தால் சுரண்டப் போனவர் விட்டுவிட்டார்.
"நல்லா இருக்கு.
ஆய்வாளர் எங்கே நிற்கிறார்னு
முன்னுரையில ஒரு பத்தி எழுதிடு."

சனிக்கிழமை.
பின்னாலிருந்து குரல் வந்தது.
அம்மா சட்டியோடு போனாள்.
சாளை இருநூறுக்கு.
உப்பு போதாத முந்தாநாள் கருவாட்டைப் பற்றி
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
நான் சமையலறை ஜன்னலில்,
திரையை விலக்காமல்.

ஆய்வாளர் நிற்குமிடம்:
கிணற்றிலிருந்து பதினோரு அடி.

அவள் தம்ளரை நிமிர்த்தி
உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறாள்,
அவளுக்கென்றே வைத்த தம்ளரில்.
வெள்ளம் கழுத்தில் இறங்குவது
இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.