கருத்துப் பதிவேடு, கோத்தகிரி கிளை

சணலில் கட்டிவைத்த பேனா
மூன்றாவது முறையும் களவு போனபின்
பென்சில் வைத்தேன்.
பென்சிலில் எழுதும்போது
மனிதர்கள் கொஞ்சம் கூடுதலாக உண்மை பேசுகிறார்கள்.

"முப்பது நாளில் கீபோர்டு என்கிறது அட்டை.
இன்று நாற்பத்தொன்றாம் நாள்.
இடது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை.
என்னிடம் கீபோர்டு இல்லை என்பதையும்
சொல்லிவிடுவது நியாயம்.
சாப்பாட்டு மேசையில்
சாக்பீஸால் கட்டை வரைந்துகொண்டேன்.
ஹெலன் பிரமிளா, நர்ஸ், இரவுப் பணி."

கீழே வேறொரு கையெழுத்து:
"மேசைக்குச் சுருதி சேர்த்தீர்களா?"

ஜூலையில் எல்லாப் புத்தகமும்
ஒரு சுற்று பருத்துவிடும்.
ஒன்றை உருவினால் நான்கு சேர்ந்து வரும்.
இசை, பொது என்று நான் பிரித்து அடுக்குவதைப்
பூஞ்சை மதிப்பதில்லை;
எழுபத்திரண்டு மேளகர்த்தாவையும்
முட்டைக்கோஸ் நோய்களையும்
ஒரே ருசியாகத் தின்கிறது.

முட்டைக்கோஸ் நோய்களை எடுத்துப்போன
கட்டபெட்டு பெள்ளிராஜ்
அபராதத்தோடு திருப்பித் தந்து எழுதினார்:
"எழுதியவர் கீழ்நாட்டுக்காரர்.
பனியை நான்கு இடத்தில் சொல்கிறார்,
நான்கிலும் பார்க்க மட்டும் செய்கிறார்.
உறைபனி இறங்கும் இரவில்
தோட்டத்தில் ஒரு சத்தம் உண்டு.
இலை முறியாது. முறிகிற மாதிரி கேட்கும்.
நானும் என் நாயும் எழுந்து உட்கார்ந்துகொள்வோம்.
அது எந்தப் பக்கத்திலும் இல்லை."

இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று
ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன்.
பிறகு டீ குடிக்கப் போய்விட்டேன்.

நானூற்று எண்பது பக்கம், வாத்தியங்கள் பற்றி,
தலையணைக்கு ஆகும் தடிமன்.
அதற்கு ரா. கம்பட்டன் எழுதியது இவ்வளவே:
"எங்கள் கொள் குழலுக்கு ஒன்றரை வரி.
அந்த அரை வரி தப்பு.
படத்தில் ஊதுகிறவருக்குப் பெயர் இல்லை,
'கோத்தர் ஒருவர்' என்று போட்டிருக்கிறது.
அவர் என் சித்தப்பா."
பெயரை அவரிடம் கேட்டு
படத்தின் அடியில் எழுதினேன். பேனாவில்.
நூலில் கிறுக்கினால் அபராதம் பத்து ரூபாய்.
என் பெயருக்கே ரசீது போட்டேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் அடிபட்டது
ஒரு பிடில்காரரின் வாழ்க்கை வரலாறு.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில்
தம்பூரா மீட்டப்பட, அவர் மேடை ஏறுகிறார்.
தொண்ணூற்றொன்பதில்
மளிகைக் கடையில் புளி நிறுக்கிறார்.
நடுவில் ஒரு தாள் இல்லை.

"குடிதான்" என்றார் ஒருவர்.
"விரலில் ஏதோ. என் மாமாவுக்கும் வந்தது."
"மனைவி சொல்லியிருப்பாள்" என்பதை அடித்து
"மனைவியிடம் சொல்லாமல் விட்டிருப்பார்" என்று
சிவப்பில் யாரோ.
பிடிலை அடகு வைத்து மகளைக் கட்டிக்கொடுத்தார்
என்றொருவர் தேதியோடு எழுதியிருந்தார்,
பக்கத்தில் இருந்து பார்த்தவர்போல.
அரசு தேயிலைத் தோட்டம் செல்வநாயகி மட்டும்:
"ஒருநாள் காலையில் எடுக்கத் தோன்றவில்லை.
மறுநாளும்.
இதற்கு இரண்டு பக்கம் எதற்கு?"

தையில் ஊட்டியிலிருந்து
புதுப் பிரதி அனுப்பினார்கள்,
பழையதைக் கழித்துவிடும்படி கடிதத்தோடு.
நின்றபடியே தொண்ணூற்றேழைத் திறந்தேன்.
ஒரு ரயில் பயணம்.
விடுதிச் சாம்பாரில் உப்பு அதிகம்.
மாயவரத்தில் இறங்கும்போது மழை.
அவ்வளவுதான்.
காரணம் அச்சாகவே இல்லை.

கழிவு முத்திரையை மேசை இழுப்பறையில்
போட்டுப் பூட்டினேன்.
இப்போது இரண்டும் அருகருகே நிற்கின்றன.
பழையதற்குத்தான் முன்பதிவு.

புதியதை எடுத்தவர் இதுவரை ஒருவர்.
"பக்கங்கள் சரியாக உள்ளன"
என்று எழுதிவிட்டு
பெயர் போடாமல் போய்விட்டார்.